அமிர்தன் தூங்கும் படங்கள்

மாசிலாமணி அமிர்தனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது சாலிகிராமத்தில், ஒரு விறகுத் தொட்டிக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒற்றை அறையில், ஆவணி மாதத்து மத்தியான வெயில் கூரை இடுக்கு வழியாக இறங்கி அவருடைய பாதங்களின் மேல் விழுந்து கிடந்தபோது. பாதங்கள் வீங்கியிருந்தன. கைகளில் ஊசி குத்த இடமில்லாமல் போய், பாதங்களுக்கு வந்து நாளாகியிருந்தது. ஒரு காலத்தில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று விழுப்புரத்தில் சனங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து ரயிலை நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது அந்த முகத்தில் ஈ உட்கார்ந்தால் விரட்டக்கூட அவர் கை தூக்குவதில்லை.

"மணி, எங்கயாச்சும் நம்ம படம் ஓடுதாடா?"

"திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு டெண்ட்டுல ஓடுதாம்ணே."

"முழிச்சிருக்கேனா?"

மாசிலாமணி மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "முதல்ல சாப்பிடு."

"கேட்டதுக்குப் பதில் சொல்றா. முழிச்சிருக்கேனா, தூங்குறேனா?"

"தூங்குறே."

அமிர்தன் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகச் சிரித்தார். "அப்ப சரி. சனங்க சந்தோஷமாத்தான் இருப்பாங்க."

மாசிலாமணி தட்டைத் தரையில் டங்கென்று வைத்தார். இருபது வருஷமாகப் பேசிப் பேசி அவருக்குச் சலித்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விறகுக் குவியல்களுக்கு நடுவே புகுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்த வாரமே அமிர்தன் செத்துப்போனார்.

அவர்கள் இருவரும் மாயவரத்தில் ஒரே பாய்ஸ் நாடகக் கம்பெனியில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். அமிர்தகடேசன் என்ற முழுப் பெயர் நோட்டீசில் அடங்கவில்லை என்று அமிர்தன் ஆனவர் ராஜபார்ட் கட்டினார். மாசிலாமணி ஸ்திரீபார்ட் கட்டி, குரல் உடைந்ததும் பாடவும் முடியாமல் ஊருக்குத் திரும்பவும் மனமில்லாமல், அரிதாரப் பெட்டியைக் கையில் எடுத்தார். அமிர்தனைச் சினிமாவுக்கு அழைத்தபோது அவர் வைத்த ஒரே நிபந்தனை, "என் மூஞ்சியை மணிதான் தொடணும்" என்பது. அப்படித்தான் மாசிலாமணி கோடம்பாக்கத்துக்கு மேக்கப்மேனாக வந்து சேர்ந்தார். தினம் விடியும் முன்பே அந்த முகத்தைக் கழுவித் துடைத்து, வண்ணம் ஏற்றி, அதை ராஜாவாக்கினார், திருடனாக்கினார், பட்டணத்து வக்கீலாக்கினார். தன் சொந்தப் பெண்டாட்டியின் முகத்தைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

பூவிருந்தவல்லிக்கு அப்பால் ஒரு ஏரிக்கரையில் படப்பிடிப்பு நடந்தபோது குதிரை மிரண்டு அமிர்தனைக் கீழே தள்ளி, அவருடைய இடுப்பின் மேலேயே விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, வலி மட்டும் கூடவே தங்கிவிட்டது. படத்தின் முதலாளி ரங்கையா நாயுடு, பாதிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் கோபாலரத்தினத்தை அழைத்து வந்தார். டாக்டர் தோல் பையைத் திறந்து, பெத்தடின் என்று ஒரு மருந்தை ஊசியில் ஏற்றிப் போட்டார். கால் மணி நேரத்தில் அமிர்தன் எழுந்து, வாளைச் சுழற்றி, மாடிப்படியில் தாவித் தாவிச் சண்டை போட்டார். நாயுடு டாக்டரின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் படம் முடிந்தது, அடுத்த படம் தொடங்கியது, வலியும் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது, ஊசி மட்டும் போகவில்லை. காலையில் ஒன்று என்றிருந்தது மத்தியானமும் ஒன்று என்றாகி, விளக்குப் போடும்போது ஒன்று என்றாகி, அப்புறம் கேட்டபோதெல்லாம் என்றாகியது. முழங்கை மடிப்பில் பூச்சி கடித்ததுபோல் வரிசையாக விழுந்த புள்ளிகளின் மேல் மாசிலாமணி பான்கேக் பூசினார். காமிராவுக்கு அந்தக் கை எப்போதும் வழவழவென்றே தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான், மாயவரத்துக் கொட்டகையில் ஒரு மாட்னி ஆட்டத்தில், திரையில் கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, அமிர்தன் வாளை ஓங்கியவர் ஓங்கியபடியே கொட்டாவி விட்டார். வாளைக் கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்து, சிம்மாசனத்தின் படியில் உட்கார்ந்து, தூணில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். எதிரில் நின்ற வில்லன் கொஞ்ச நேரம் வாளை நீட்டியபடியே காத்திருந்தான். பிறகு, தூங்குகிறவனை வெட்டுவது முறையில்லை என்று நினைத்தவன்போல் வாளை உறையில் போட்டுக்கொண்டு பக்கத்துப் படியில் உட்கார்ந்தான். அதே நேரத்தில் மதுரையில், பாலக்காட்டில், கொழும்பில், பினாங்கில், எங்கெங்கே அமிர்தன் படம் ஓடியதோ அங்கெல்லாம் அவர் தூங்கினார். ஒரு படத்தில் தோணியில், ஒன்றில் கோர்ட்டுக் கூண்டில், ஒன்றில் கதாநாயகி பாடிக்கொண்டிருந்த மாமரத்தடியில். ஆபரேட்டர்கள் சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும், விரல்நகம் அளவு உருவத்தில், அவர் வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அந்நேரம் கோடம்பாக்கத்தில் மேக்கப் அறை நாற்காலியில், ஊசி இறங்கிய சுகத்தில், அமிர்தனின் தலை மாசிலாமணியின் கையில் சாய்ந்திருந்தது.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பத்து வயதிலிருந்து கூத்தாடுகிற மனுஷன், அசந்துபோகாமல் என்ன செய்வான் என்றார்கள். முதல் வாரம் சில பேர் டிக்கெட்டைத் திருப்பிக் கேட்டார்கள். இரண்டாம் வாரம் மாயவரம் ரசிகர் மன்றத் தலைவர், சைக்கிள் கடை ஜோதி, கொட்டகை வாசலில் நின்று, "அண்ணன் தூங்குறாரு, விசில் அடிக்கிறவன் எவனா இருந்தாலும் விசிலை முழுங்க வச்சுடுவேன்" என்று அறிவித்தார். அது எல்லா ஊருக்கும் பரவியது. சோடாக்காரர்கள் பாட்டிலில் சாவியைத் தட்டுவதை நிறுத்தினார்கள். முறுக்கு கடிக்கும் சத்தம் கேட்கிறதென்று முறுக்கை விலக்கி, இடைவேளையில் பஞ்சுமிட்டாய் விற்றார்கள். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். திரையில் அவர் தூங்குவதைப் பார்த்ததும் பிள்ளையும் தூங்கிவிடும் என்றார்கள், தூங்கியது. இரவு ஷிப்டு முடிந்த மில்காரர்கள், வீட்டில் படுக்க இடமில்லாதவர்கள், பெண்டாட்டியிடம் பேச்சு வாங்கியவர்கள் எல்லோரும் மாட்னிக்கு வந்து அவரோடு தூங்கி எழுந்து போனார்கள். படங்களின் பெயரை ஊர் மறந்தது. தோணியில் தூங்கும் படம், கூண்டில் தூங்கும் படம், சிம்மாசனத்தில் தூங்கும் படம் என்றே போஸ்டர் ஒட்டினார்கள். திரைக்குள் இருந்தவர்களும் பழகிக்கொண்டார்கள். கதாநாயகி டூயட்டின் இரண்டு பங்கையும் தானே பாடிக்கொண்டு, முந்தானையால் அவர் முகத்துக்கு விசிறினாள். காமெடியன் கிசுகிசுப்பாக ஜோக் அடித்தான், அதற்குச் சனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மாசிலாமணிக்கு மட்டும் இதில் சிரிக்க ஒன்றும் அகப்படவில்லை. ஒருவன் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருப்பது ஊருக்கே தெரிந்து, ஊரே கிணற்றைச் சுற்றி உட்கார்ந்து விசிறினால் எப்படியிருக்கும், அப்படியிருந்தது அவருக்கு. நாயுடுவிடம் போனார்.

"முதலாளி, டாக்டரை இனிமே உள்ளே விடாதீங்க. தியேட்டர்ல பாக்குறீங்கல்ல, பாதிப் படத்துக்கு மேல தூங்குறாரு."

நாயுடு வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "ஏம்ப்பா மணி, திருச்சில நூறு நாள் ஓடுதுப்பா. முழிச்சிருந்தப்ப எழுபதுதான் ஓடிச்சு" என்றார்.

"அவரு செத்துப் போயிடுவாருங்க."

"எல்லாரும்தான் சாகப்போறோம். தூங்கற ஆளை எழுப்பறது பாவம்ப்பா, நீ போய்ப் பவுடர் போடு." போகிற மாசிலாமணியை மறுபடி கூப்பிட்டு, "நம்ம புதுப் படத்துல எல்லா செட்டுலயும் ஒரு கட்டில் போடச் சொல்லியிருக்கேன். பாவம், தூண்ல சாஞ்சா கழுத்து வலிக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையாகவே பாசம் இருந்தது. அதுதான் மாசிலாமணிக்குத் தாங்கவில்லை.

அமிர்தனின் மனைவி லோகாம்பாளுக்குச் சினிமா பிடிக்காது. கல்யாணமானதிலிருந்து புருஷன் படத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவள், இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று மாட்னி பார்த்தாள். அமிர்தன் வீட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மகள் தலைமேல் இன்னொரு கையை வைத்து, "விட்டுட்டேன் லோகு, சத்தியமா விட்டுட்டேன்" என்பார். படப்பிடிப்புக்குக் கிளம்புவார். அவள் சேலையை மாற்றிக்கொண்டு, ரிக்ஷா பிடித்து, பக்கத்துக் கொட்டகையில் போய் உட்காருவாள். ஒரு நாள் மாசிலாமணியும் கூட உட்கார்ந்திருந்தார். திரையில் அமிர்தன் வக்கீல் கவுனோடு கம்பீரமாக வாதாடிக்கொண்டிருந்தார். லோகாம்பாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு ரீல் தாண்டியது, இரண்டு ரீல் தாண்டியது.

"இன்னிக்கு இல்லை போலிருக்கு தம்பி" என்றாள் மெல்ல. அவள் குரலில் அப்படியொரு குளிர்ச்சியை மாசிலாமணி கேட்டதே இல்லை.

அப்போது வக்கீல் பேச்சை நிறுத்தினார். கண்கள் சொக்கின. நீதிபதியைப் பார்த்து ஒரு மன்னிப்புச் சிரிப்பு சிரித்துவிட்டு, மேஜையில் கட்டுக்கட்டாக இருந்த சட்டப் புத்தகங்களின் மேல் தலையை வைத்துக்கொண்டார். கொட்டகை முழுவதும் 'உஸ்ஸ்' என்று ஒருவரையொருவர் அடக்கிக்கொண்டது. பின்வரிசையில் ஒருத்தி, "பாவம், என்னமா களைச்சுப் போயிருக்கு" என்றாள்.

லோகாம்பாள் எழுந்து திரும்பி, கூட்டத்தைப் பார்த்து, "எந்திரிங்கய்யா! எழுப்புங்கய்யா அந்த மனுஷனை!" என்று கத்தினாள். டார்ச் லைட்டோடு ஓடி வந்த ஆள், "அம்மா, சத்தம் போடாதீங்க, அண்ணன் முழிச்சுக்குவாரு" என்றான். அந்த மாதமே அவள் மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குச் சீர்காழி போய்விட்டாள். போகும்போது மாசிலாமணியிடம், "நான் எழுப்பிப் பாத்துட்டேன் தம்பி. நீங்க பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஊசியை நிறுத்த வழி என்னவென்று மாசிலாமணி ஒரு நர்ஸிடம் கேட்டார். அவள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "ஒரு வாரம் மருந்து இல்லாம அடைச்சு வைக்கணும். உசிரு போற மாதிரி கத்துவாரு. மனசு இளகினா போச்சு. ஒரு வாரத்தைத் தாண்டிட்டா உடம்பு கொஞ்சம் கொஞ்சமா மறந்துடும்." நாயுடு திருப்பதி போயிருந்த சமயம் பார்த்து, தஞ்சாவூரில் வெளிப்புறப் படப்பிடிப்பு என்று பொய் சொல்லி அமிர்தனைக் காரில் ஏற்றி, மாசிலாமணி நேராக வேதாரண்யம் கொண்டுபோனார். அவருடைய மச்சானுக்கு அங்கே உப்பளம் இருந்தது. கிழக்கே கடைசியில், கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாகக் கிடந்த பாத்திகளுக்கு நடுவே, உப்பு மூட்டை அடுக்குகிற கொட்டகை ஒன்று இருந்தது. அதில் அவரை வைத்து, தானும் உள்ளே இருந்துகொண்டு, வெளியே பூட்டச் சொன்னார்.

நர்ஸ் சொன்னது நடந்தது. முதலில் ஓயாத கொட்டாவி, பிறகு மூக்கும் கண்ணும் ஒழுகின, வைகாசி வெயிலில் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்து நடுங்கியது, குடித்த தண்ணீர் குடித்தபடியே வெளியே வந்தது. அமிர்தன் கெஞ்சினார். "மணி, ஒரே ஒரு தடவைடா, ஒரே பாயில படுத்தவன்டா நான்" என்றார். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். "பொம்பளை வேஷம் கட்டின பய, நீ என்னை அடைச்சு வைக்கிறியா?" என்று உப்பு மூட்டையில் தலையை முட்டினார். மாசிலாமணி அவருடைய தலைக்கும் மூட்டைக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனசு இளகவில்லை.

ஆனால் இதெல்லாம் கொட்டகைக்குள்ளேயே நின்றுவிடவில்லை. தமிழ் பேசுகிற ஊர்களிலெல்லாம் அமிர்தன் திரையில் விழித்துக்கொண்டார். சிம்மாசனத்தில் உட்கார்ந்து நடுங்கினார். பட்டு அங்கவஸ்திரத்தில் மூக்கைச் சிந்தினார். தோணியின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். மாமரத்தடியில் பாடிக்கொண்டிருந்தவளை, "கதவைத் தொறடி!" என்று பிடித்து உலுக்கினார். அவள் பாட்டை விட்டுவிட்டு அழுதாள். இத்தனை படங்களில் அவரைக் கொல்ல வந்த வில்லன் முதல்முறையாக அவர் தோளைத் தொட்டுத் தடவிக்கொடுத்தான். கொட்டகைகளில் பிள்ளைகள் வீறிட்டன. மில்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று. காரைக்குடியில் நாற்காலிகளை உடைத்தார்கள். மாயவரத்தில் சைக்கிள் கடை ஜோதி திரைக்கு முன்னால் மண்டியிட்டு, "அண்ணே, யாருண்ணே உங்களை இந்தப் பாடு படுத்துறது? எங்கண்ணே இருக்கீங்க?" என்று அழுதார்.

திரையில் அமிர்தன் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முன்னால் வந்து, சனங்களை நேராகப் பார்த்தார். எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் பார்த்தார். "வேதாரண்யத்து உப்பளத்துல, கிழக்கே கடைசிக் கொட்டகையில இருக்கேன். மகராசனா இருப்பீங்க, வந்து தொறந்து விடுங்க" என்றார்.

மறுநாள் உப்பளத்தில், யாரும் எதிர்பார்க்காதபடி, அமிர்தனின் உடம்பு கொஞ்சம் அடங்கியிருந்தது. விடிகாலையில் கண்ணயர்ந்து, ஊசியில்லாத தூக்கம் ஒன்று தூங்கி எழுந்தார். மத்தியானம் கஞ்சி கேட்டார். மாசிலாமணி ஆற்றிக் கொடுத்தார். முதல் வாய் உள்ளே போய் உள்ளேயே தங்கியது. அமிர்தன் நாக்கைச் சப்புக்கொட்டி, "உப்புக் கம்மிடா" என்றார்.

மாசிலாமணி சுற்றி அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தார். "உப்பளத்துக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு உப்புக் கம்மின்னு ஒருத்தன் சொல்லி இன்னிக்குத்தாண்ணே கேக்குறேன்."

அமிர்தன் சிரித்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மாசிலாமணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அமிர்தனின் முகம், பவுடர் இல்லாமல், தாடியும் சளியுமாக, பாய்ஸ் கம்பெனியில் அடி வாங்கிவிட்டு வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிற பையனின் முகமாகத் திரும்பி வந்திருந்தது. இன்னும் இரண்டே நாள், என்று நினைத்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் வரப்புகளின் மேல் கூட்டம் வந்தது. மாட்டு வண்டியில் வந்தார்கள், லாரியில் வந்தார்கள், உப்புப் பாத்திகளில் வெறுங்காலோடு இறங்கிக் கால் வெடித்து ரத்தம் கசியக் கசிய நடந்து வந்தார்கள். முன்னால் ஜோதி வந்தார். அவருக்குப் பின்னால், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாயுடு. நாயுடுவுக்குப் பின்னால் தோல் பையோடு டாக்டர் கோபாலரத்தினம். பூட்டை உடைத்துக் கதவைத் தள்ளியபோது மாசிலாமணி வாசலை மறித்து நின்றார்.

"யோவ் மேக்கப்பு! எங்க அண்ணனை என்னய்யா பண்ணே?" என்று கத்தினார் ஜோதி.

"ஊசியை நிறுத்துறேன்யா. நின்னுடுச்சுய்யா! மத்தியானம் கஞ்சி குடிச்சாரு. இன்னும் ரெண்டு நாள், ரெண்டே நாள் விடுங்கய்யா, உங்க கால்ல விழறேன்."

"ஊசின்னு எங்களுக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும்" என்றார் ஜோதி. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது. "ஆனா அவரு அழுவுறதை எங்களால பாக்க முடியலையே. என்னா பண்ணச் சொல்றே?"

"பாக்காதீங்க! ரெண்டு நாளைக்குப் படம் பாக்காதீங்க!"

கூட்டத்துக்கு அது புரியவில்லை. அமிர்தன் படம் ஓடும்போது பார்க்காமல் இருப்பது என்ற ஒன்றை அவர்கள் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி, "தூங்கட்டும்யா அந்த மனுஷன், உனக்கு என்னா வயித்தெரிச்சல்?" என்றாள். பின்னாலிருந்து யாரோ மாசிலாமணியின் கன்னத்தில் அறைந்தார்கள்.

மாசிலாமணி திரும்பி உள்ளே பார்த்தார். "அண்ணே, நீயே சொல்லு. கஞ்சி குடிச்சியே. சொல்லுண்ணே."

அமிர்தன் மூட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தார். வெள்ளைப் பாத்திகளில், வரப்புகளில், லாரியின் மேல், கடல் வரைக்கும் சனங்கள் நின்றார்கள். அவரைக் கண்டதும் ஒருவரும் கை தட்டவில்லை, விசில் அடிக்கவில்லை. அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். பிறகு டாக்டரின் பையைப் பார்த்தார். முதுகை நிமிர்த்தினார், நடிகன் வெளிச்சத்துக்கு வரும்போது நிமிர்த்துகிற நிமிர்வு அது, மாசிலாமணிக்கு நன்றாகத் தெரிந்த நிமிர்வு.

"மணி," என்றார், "இத்தனை பேரு வந்திருக்காங்கடா." டாக்டரிடம் கையை நீட்டினார்.

டாக்டர் அந்த இடத்திலேயே, வாசற்படியில் வைத்து, ஊசி போட்டார். கூட்டம் வரப்பில் உட்கார்ந்து காத்திருந்தது. ஊருக்குள் டெண்ட்டுக் கொட்டகையில் முதல் ஆட்டம் தொடங்கியதும் ஒருவன் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு, மிதித்த மிதியில் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "தூங்கிட்டாரு!" என்றான். முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மாசிலாமணி கொட்டகைக்குப் பின்னால் போய், உப்புத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டார். அறை வாங்கின இடம் எரிந்தது.

அதற்குப் பிறகு அமிர்தனை யாரும் எழுப்ப முயலவில்லை. புதுப் படங்களில் அவர் கட்டிலில் படுத்தபடியே நடித்தார், அந்தப் படங்கள் ஓடவில்லை. பழைய படத்தில் மலிவாகக் கிடைக்கிற தூக்கத்துக்குப் புதுப் படம் எதற்கு என்று சனங்கள் நினைத்தார்கள். நாயுடு வேறு கதாநாயகனைப் பிடித்தார், துருதுருவென்று ஓடியாடுகிற பையன். டாக்டர் வருவதை நிறுத்தினார். அமிர்தன், டாக்டரில்லாத இடங்களில், பெயரில்லாத கம்பவுண்டர்களிடம் வாங்கிக் குத்திக்கொண்டார். தியாகராய நகர் வீடு போயிற்று, கார் போயிற்று, விறகுத் தொட்டி வந்து சேர்ந்தது. மாசிலாமணி பகலில் அந்தத் துருதுருப் பையனுக்கு மேக்கப் போட்டுவிட்டு, பொழுதிருக்கும்போதே சோறு கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொரு முறையும் "நிறுத்துண்ணே" என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் "நாளையிலேருந்து" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்தார். திரைக்குள்ளும் அலுத்துவிட்டார்கள். கதாநாயகி விசிறுவதை நிறுத்தினாள். வில்லன் ஒருநாள் படியிலிருந்து எழுந்து, துணியைத் தட்டிவிட்டு, படத்தை விட்டே வெளியே போய்விட்டான்.

அமிர்தன் செத்த செய்தி தெரிந்து மயானத்துக்கு வந்தவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். சீர்காழியிலிருந்து லோகாம்பாள் வந்தாள், அழவில்லை. ஜோதி வந்து, ஓரமாக நின்று, அழுதார். மாசிலாமணி கடைசியாக ஒருமுறை அந்த முகத்தைத் துடைத்துவிட்டார். பவுடர் எதுவும் போடவில்லை.

காரியம் முடிந்த பிறகு அவர் திருத்துறைப்பூண்டிக்குப் பஸ் ஏறினார். டெண்ட்டில் சிம்மாசனத்தில் தூங்கும் படம் ஓடிக்கொண்டிருந்தது. மணலில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாசிலாமணியும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார்.

திரையில் அமிர்தன் குதிரையில் வந்து குதித்தார். பாடினார். வில்லன் திரும்பி வந்திருந்தான். மாடிப்படியில் தாவித் தாவிச் சண்டை நடந்தது. முன்பு வாளைக் கீழே வைத்த இடம் வந்தது. மாசிலாமணி முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டார். அமிர்தன் வாளைக் கீழே வைக்கவில்லை. கண்கள் பளபளவென்று விழித்திருந்தன. அந்தக் கண்ணுக்குக் கீழே மை இழுத்தது மாசிலாமணியின் விரல்.

"இப்பவாண்ணே?" என்று மாசிலாமணி எழுந்து கத்தினார். "இப்பத்தான் எந்திரிக்கத் தோணிச்சா? இத்தனை வருஷம் எங்கண்ணே போனே? பேசு! என்னைப் பாத்துப் பேசு!"

திரையில் அமிர்தன் அவர் பக்கம் திரும்பவில்லை. எழுதிக்கொடுத்த வசனத்தை, எழுதிக்கொடுத்தபடி, கதாநாயகியைப் பார்த்துப் பேசினார்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் சலித்துக்கொண்டே எழுந்து, டெண்ட்டுக்காரரிடம் போய், "என்னாங்க இது, ஒரேயடியா ஓடிக்கிட்டே இருக்காரு? தூங்குற காப்பி இல்லீங்களா?" என்றார்.

"அதைத்தாங்க நானும் கேட்டு அனுப்பியிருக்கேன். எல்லாக் காப்பியும் இப்படித்தான் ஆயிப்போச்சுங்கறாங்க."

இரண்டாம் ஆட்டத்துக்கு ஆள் வரவில்லை. அந்த வாரத்தோடு டெண்ட்டில் வேறு படம் போட்டார்கள். விழித்திருக்கும் அமிர்தனை எந்த ஊரிலும் கேட்கவில்லை. படச்சுருள்கள் கிடங்குகளில் கிடந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிறகு பிலிமிலிருந்து வெள்ளி பிரிக்கிறவர்களுக்கும் வளையல் செய்கிறவர்களுக்கும் எடைக்குப் போயின.

அமிர்தன் நடித்தவற்றில் இன்று இருப்பது ஒரே ஒரு ரீல். அதில் அவர் விழித்திருந்து பேசுகிறார், ஒலி மட்டும் இல்லை.